பழைய கல்யாண கேசட்டை 4கே டிவியில் பார்க்க: அப்ஸ்கேல் செய்வது கடைசி வேலை

கேட்கப்பட்டது இது: 1994-இல் நடந்த கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட்டைக் கடையில் கொடுத்து எம்பி4 ஆக மாற்றி வாங்கியிருக்கிறார்கள். 55 இன்ச் 4கே டிவியில் போட்டால் முகங்கள் மங்கலாக இருக்கின்றன. கை அசைந்தால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். எல்லாரும் கொஞ்சம் குண்டாகவும் தெரிகிறார்கள். ஏஐ மென்பொருளில் 4கே ஆக்கினால் சரியாகிவிடுமா, எந்த மென்பொருள், என்ன செட்டிங்?

அந்த எம்பி4 ஃபைலை அப்படியே 4கே ஆக்கினால் சரியாகாது. சில இடங்களில் இன்னும் மோசமாகும். சொல்லப்பட்ட மூன்று குறைகளில் இரண்டுக்கும் ரெசொல்யூஷனுக்கும் சம்பந்தமே இல்லை. சீப்புக் கோடு, இன்டர்லேஸ் படத்தை (இரண்டு கணங்களின் கோடுகள் ஒரே ஃபிரேமில் மாறி மாறி இருக்கும் படம்) ஒழுங்காகப் பிரிக்காமல் விட்டதால் வருவது. குண்டாகத் தெரிவது, 4:3 படத்தை 16:9-க்கு இழுத்துவிட்டதால் வருவது. மங்கல் ஒன்றுதான் அப்ஸ்கேல் (பிக்சல்களைக் கூட்டிப் படத்தைப் பெரிதாக்குவது) கைவைக்கக்கூடிய விஷயம், அதுவும் ஓரளவுக்குத்தான். கேசட்டிலிருந்து நன்றாக எடுப்பது, ஃபீல்டுகளை (இரண்டு கணங்களின் கோடுகளை) பிரிப்பது, நாய்ஸை (மினுக்கும் புள்ளிகளை) குறைப்பது, பிறகு பெரிதாக்குவது என்பதுதான் வரிசை. இதைத் தலைகீழாகச் செய்தால் சீப்புக் கோடும் நாய்ஸும் படத்தோடு படமாகப் பெரிதாகி உறைந்துவிடும். அதற்குப் பிறகு எந்த ஃபில்டராலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது.

கேசட்டில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது

இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தக் கால வீடியோ பிஏஎல் முறையில் இருக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு 576 கோடு. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டுகளின் கலவை. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்தில் பதிவானவை. இரட்டைப்படைக் கோடுகள் அதிலிருந்து நொடியில் 50-இல் ஒரு பங்கு தள்ளிப் பதிவானவை. ஆக, கேசட்டில் நொடிக்கு 50 தனித்தனி அசைவுகள் இருக்கின்றன. டியூப் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்ததால் கண்ணுக்கு எல்லாம் வழுவழுப்பாகத் தெரிந்தது. எல்இடி திரை முழு ஃபிரேமையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. அட்சதை போடும் கை, ஒரு கோட்டில் ஓரிடத்திலும் அடுத்த கோட்டில் கொஞ்சம் தள்ளியும் தெரியும். சீப்பு வருவது இப்படித்தான்.

அகலவாட்டில் நிலைமை இன்னும் ஏழ்மை. விஎச்எஸ்ஸின் கிடைமட்ட விவரம் சுமார் 240 டிவி கோடு. அதாவது 4:3 படத்தின் முழு அகலத்துக்கும் சுமார் 320 பிக்சல் அளவு தகவல்தான் உண்டு. ஃபைல் 720 பிக்சல் அகலம் என்று சொன்னாலும் அது பாத்திரத்தின் அளவு, உள்ளே இருக்கும் சோற்றின் அளவு அல்ல. நிறத்துக்கு அதிலும் குறைவு, ஏறத்தாழ 40 டிவி கோடுதான். அரக்குப் பட்டுச்சேலையின் சிவப்பு, கரையைத் தாண்டிப் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையில் வழிவது இதனால்தான். கேமராமேனையோ டிவியையோ குறை சொல்லிப் பயனில்லை, கேசட்டின் பதிவு முறையே அப்படி.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 720 x 576 என்பது 4,14,720 பிக்சல். 4:3 படத்தை 4கே உயரத்துக்குக் கொண்டுபோனால் 2880 x 2160, அதாவது 62,20,800 பிக்சல். பதினைந்து பிக்சலில் பதினான்கை மென்பொருள் கற்பனை செய்ய வேண்டும். 1440 x 1080-க்குப் போனால் 15,55,200 பிக்சல், அதாவது நான்கில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கற்பனை. விஎச்எஸ்ஸுக்கு என் பரிந்துரை இதுதான்: 1440 x 1080, நொடிக்கு 50 ஃபிரேம். அதற்கு மேல் 4கேக்குப் பெரிதாக்கும் வேலையை டிவியே பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் உங்கள் மென்பொருளுக்கும் டிவிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நேரமும் வட்டும்தான் நான்கு மடங்கு செலவாகும்.

முதலில் கையிலிருக்கும் ஃபைலைச் சோதியுங்கள்

மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து அகலம், உயரம், ஃபிரேம் ரேட், ஸ்கேன் டைப், பிட்ரேட் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸை (ஃபீல்டுகளைப் பிரித்துக் காட்டும் வசதி) ஆஃப் செய்து, யாராவது வேகமாக நடக்கும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.

720 x 576, 25 ஃபிரேம் என்றிருந்து, நிறுத்தும்போது ஒரு கோடு விட்டு ஒரு கோடு மெல்லிய சீப்புப் பல் தெரிந்தால் நல்ல செய்தி. ஃபீல்டுகள் உயிரோடு இருக்கின்றன. ஸ்கேன் டைப்பில் ‘புரோகிரஸிவ்’ என்று எழுதியிருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம், கடை மென்பொருள் தவறான முத்திரை குத்துவது சகஜம். கண்ணை நம்புங்கள்.

640 x 480, 1280 x 720, 1920 x 1080 மாதிரி அளவாக இருந்து, சீப்புப் பல் தடித்தும் ஒழுங்கில்லாமலும் தெரிந்தால், இன்டர்லேஸைப் பிரிக்காமலே யாரோ அளவை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு ஃபீல்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன, அதை மீட்க வழி இல்லை. சீப்பே இல்லாமல் அசைவில் ஆவி மாதிரி இரட்டை உருவம் தெரிந்தாலும் இதே கதைதான். சீப்பும் இல்லை, ஆவியும் இல்லை, 25 ஃபிரேம் சுத்தமாக இருக்கிறது என்றால், அசைவில் பாதியைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். இந்த மூன்று நிலையிலும் ஒரே வழி கேசட்டிலிருந்து மறுபடி எடுப்பதுதான். ஏஐக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை இங்கே செலவழியுங்கள். பலன் பல மடங்கு அதிகம்.

பிட்ரேட்டும் முக்கியம். நாய்ஸ் நிறைந்த விஎச்எஸ் படத்தை 1.5 அல்லது 2 எம்பிபிஎஸ்ஸில் அடைத்திருந்தால் படம் முழுக்கச் சதுரக் கட்டங்கள் இருக்கும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாத அந்தக் கட்டத்தின் விளிம்பை, ஏஐ உண்மையான விளிம்பு என்று எடுத்துக்கொண்டு கூர்மையாக்கும். கன்னத்தில் செதில் மாதிரி கோடு விழுவது இப்படித்தான்.

ஒரே கல்யாணத்துக்குக் கேசட்டும் விசிடியும் இருந்தால் தயங்காமல் கேசட்டுக்குப் போங்கள். விசிடி என்பது 352 x 288 பிக்சல், எம்பெக்-1, 1150 கேபிபிஎஸ். உயரத்தில் பாதியும் அசைவில் பாதியும் அங்கேயே போய்விட்டன. விசிடி மட்டும்தான் மிச்சம் என்றால், எம்பெக்ஏவி ஃபோல்டரில் இருக்கும் டாட் ஃபைலை உடனே காப்பி எடுங்கள், எழுதும் வட்டுகளின் சாயம் நாளாக நாளாகக் கெடும். டிவிடியாக இருந்தால் மேக்எம்கேவி கொண்டு, மறுபடி கம்ப்ரஸ் செய்யாமல் அப்படியே எடுக்கலாம். மினிடிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் கேசட்டாக இருந்தால் மஞ்சள் வயர் (கம்போசிட் வீடியோ) வழியாக எடுக்கவே எடுக்காதீர்கள். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிள் வழியாக எடுத்தால் டேப்பில் இருக்கும் டிஜிட்டல் தகவல் பிசகாமல் வந்து சேரும், மணிக்குச் சுமார் 13 ஜிபி.

கேசட்டிலிருந்து எடுப்பது

இது அவசரமான வேலை. விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் உள்ள டெக்குகள் (விசிஆர் பெட்டிகள்) ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. அப்ஸ்கேல் மென்பொருளோ ஆண்டுக்கு ஆண்டு முன்னேறுகிறது. நல்ல கேப்சர் (கேசட்டிலிருந்து எடுத்த ஃபைல்) ஒன்று கையில் இருந்தால் அப்ஸ்கேலைப் பத்து வருடம் கழித்தும் செய்யலாம்.

கேசட்டின் மூடியைத் திறந்து டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சணம். கடலோர ஊர்களில் பீரோவில் கிடந்த கேசட்டுகளில் இது மிகச் சாதாரணம். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்கள். சுத்தமான கேசட் என்றால், முதுகுப் பக்கம் இருக்கும் ரெக்கார்டு தடுப்புத் தகட்டை உடைத்துவிட்டு, ஒரு முறை முழுக்க முன்னோட்டி, பின்னோட்டி, பிறகு எடுங்கள். தகடு இருக்கும்போது தவறுதலாக ரெக்கார்டு பொத்தான் அழுந்தினால் தாலிகட்டு மேலேயே வேறு ஏதாவது பதிவாகிவிடும்.

உங்கள் கேசட் பெரும்பாலும் மூலப் பதிவு அல்ல. மிக்ஸிங் முடித்து, பாட்டு சேர்த்து, அதிலிருந்து எடுத்த காப்பிதான். காப்பிக்குக் காப்பி எடுக்கும் ஒவ்வொரு முறையும் படம் மங்கும், நிறமும் சில கோடுகள் கீழே இறங்கும். அதனால் பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் தனித்தனி கேசட் இருந்தால் இரண்டிலும் ஐந்து நிமிடம் எடுத்து ஒப்பிடுங்கள். உதட்டின் சிவப்பு மோவாயில் தெரிகிற கேசட், தலைமுறை தள்ளிய காப்பி.

எஸ்-வீடியோ அவுட் உள்ள டெக் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், நிறங்கள் சேரும் விளிம்பில் எறும்பு ஊர்வது மாதிரி புள்ளிகள் ஓடும். இடையில் டைம் பேஸ் கரெக்டர் (கோடுகளின் நேரத்தைச் சீராக்கும் கருவி) இருந்தால், தூண்கள் நெளிவதும் ஃபிரேம் விட்டுப்போவதும் நிற்கும். அது இல்லாமல் எடுக்கும்போது ஃபிரேம் விட்டுப்போனால், ஒரு மணி நேரம் கழித்து மேளச் சத்தமும் மேளக்காரர் கையும் பொருந்தாது.

கேப்சருக்கு விர்ச்சுவல்டப்2 என்ற மென்பொருள் போதும். 720 x 576, 25 ஃபிரேம், நிறம் 4:2:2, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். டீஇன்டர்லேஸ் எதுவும் கூடாது. கம்ப்ரஷன் இல்லாமல் எடுத்தால் மணிக்கு 75 ஜிபி வரும். ஹஃப்ஒய்யுவி, லகாரித் மாதிரி தரம் குறைக்காத கோடெக்கில் எடுத்தால் அதில் பாதி அளவுக்கு அடங்கும். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகிறார்கள்: அதன் கேன்வாஸ் 1920 x 1080 என்றே இருந்தால், எடுக்கும்போதே அளவு மாறி ஃபீல்டுகள் கலந்துவிடும். கேப்சர் முடிந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கடையில் கொடுத்துதான் எடுக்க வேண்டும் என்றாலும் இதே வார்த்தைகளைச் சொல்லிக் கேளுங்கள்: ‘720 x 576, இன்டர்லேஸ் அப்படியே இருக்கட்டும், எம்பி4 வேண்டாம், கம்ப்ரஸ் செய்யாத ஏவிஐ கொடுங்கள்.’ வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

டீஇன்டர்லேஸ்: பாதி அழகு இங்கேதான்

50 ஃபீல்டுகளை 50 முழு ஃபிரேம்களாக விரிப்பதுதான் சரியான டீஇன்டர்லேஸ். 25 ஃபிரேமாகச் சுருக்குவது பெரும்பாலான மென்பொருள்களின் இயல்பான தேர்வு, அதனால் பலரும் கவனிக்காமல் பாதி அசைவை இழக்கிறார்கள். 50 ஃபிரேமாக விரித்த படத்தை, அப்ஸ்கேல் எதுவும் செய்யாமல், டிவியில் போட்டுப் பாருங்கள். ‘இதுவே போதுமே’ என்று பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள், அதில் தவறும் இல்லை.

தரத்தில் முதலிடம் க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டருக்கு. அவிசிந்த், வேப்பர்சிந்த் என்ற வீடியோ மென்பொருள்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர்கள் ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பிரீசெட் ‘ஸ்லோ’ அல்லது ‘ஸ்லோவர்’ போதும், ‘பிளாசிபோ’ வரை போவது கரண்ட் பில்லுக்குத்தான். பக்கத்து ஃபீல்டுகளிலிருந்து அசைவைக் கணக்கிட்டு விடுபட்ட கோடுகளை நிரப்புவதால், க்யூடிஜிஎம்சி போகிற போக்கில் நாய்ஸையும் கொஞ்சம் அடக்கிவிடுகிறது. கம்ப்யூட்டர் பழையது என்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் பிடபிள்யூடிஃப் (Bwdif) ஃபில்டரை எடுத்து, பிரீசெட்டில் ‘பாப்’ வைத்து, ஃபிரேம் ரேட்டை 50, கான்ஸ்டன்ட் என்று கொடுங்கள். தரம் ஒரு படி குறைவு, வேகம் பல மடங்கு அதிகம்.

ஃபீல்டு வரிசை தவறினால் எல்லாம் கெடும். மினிடிவி என்றால் கீழ் ஃபீல்டு முதலில் வரும். கேப்சர் கார்டுகள் பெரும்பாலும் மேல் ஃபீல்டை முதலில் தரும். ஊகிக்காமல் சோதியுங்கள்: 50 ஃபிரேமாக மாற்றிய பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். நடக்கிறவர் இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று தள்ளாடினால் வரிசை தலைகீழ். மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

படத்தின் அடியில் எட்டு, பத்து கோடு உயரத்துக்கு நெளியும் கிழிசல் ஒன்று ஓடும். அது ஹெட் மாறும் இடம், எல்லா விஎச்எஸ் பதிவிலும் இருக்கும். டியூப் டிவியின் சட்டம் அதை மறைத்திருந்தது. வெட்டி எறிந்தால் படத்தின் விகிதம் மாறும், அதனால் கறுப்புப் பட்டை வைத்து மூடுங்கள். இதையும் டீஇன்டர்லேஸுக்குப் பிறகே செய்ய வேண்டும்.

நாய்ஸ், நிறம்

நாய்ஸை விட்டுவைத்து ஏஐயிடம் கொடுத்தால், அந்தப் புள்ளிகளைத் துணியின் நெசவு, தோலின் சுருக்கம் என்றெல்லாம் வளர்த்துவிடும். முழுக்கத் துடைத்துவிட்டால் முகம் மெழுகாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். பல ஃபிரேம்களை ஒப்பிட்டு வேலை செய்யும் டெம்போரல் வகை ஃபில்டர்தான் சரி. காசு கொடுத்தால் நீட் வீடியோ, இலவசம் என்றால் ஹைப்ரிட்டில் இருக்கும் எம்சிடெம்போரல்டீநாய்ஸ் அல்லது ஹேண்ட்பிரேக்கின் என்எல்மீன்ஸ் ‘லைட்’. நிறத்தின் நாய்ஸை மட்டும் தாராளமாகத் துடைக்கலாம். நிற விவரம் ஏற்கெனவே குறைவு என்பதால் கண்ணுக்கு இழப்பு தெரியாது.

ஒரு எச்சரிக்கை. டேப்பில் விழும் வெள்ளைக் கீறல்களை நீக்க, ஒரே ஃபிரேமில் மட்டும் தோன்றும் புள்ளிகளை அழிக்கும் ஃபில்டர்கள் உண்டு. பறக்கும் அட்சதையும் ஒரே ஃபிரேமில் ஓரிடத்தில் தோன்றும் புள்ளிதான். தாலிகட்டும் காட்சியில் அந்த ஃபில்டரைப் போட்டால் எல்லாரும் வெறும் கையை வீசுவார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கு அதை ஆஃப் செய்யுங்கள்.

நிறம் இறங்கியிருந்தால் குரோமா ஷிஃப்ட் ஃபில்டரில் இரண்டிரண்டு பிக்சலாக மேலே நகர்த்திச் சரிபாருங்கள். குங்குமப் பொட்டுதான் நல்ல அளவுகோல். பொட்டின் கருத்த வட்டமும் அதன் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் சரி. இன்னொன்று: பழைய வீடியோவின் நிறக் கணக்கு பிடி.601, எச்டியின் கணக்கு பிடி.709. பெரிதாக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாமல் விட்டால் வாழையிலையின் பச்சையும் சேலைச் சிவப்பும் கொஞ்சம் பிசகும். ஹைப்ரிட்டிலும் எஃப்எஃப்எம்பெக்கிலும் இதற்குத் தனித் தேர்வு இருக்கிறது.

இப்போதுதான் அப்ஸ்கேல்

720 x 576-இன் பிக்சல்கள் சதுரம் அல்ல. அதனால் 4:3 படத்தை முதலில் 768 x 576 என்று கணக்கில் கொண்டு, அதை 1440 x 1080 ஆக்க வேண்டும். 1920 x 1080 என்று நேரடியாகக் கொடுத்தால் அகலம் 33 சதவீதம் கூடி மாப்பிள்ளை குண்டாகிவிடுவார். டிவி தானாக இழுத்துவிடும் ரகமாக இருந்தால், இரண்டு பக்கமும் 240 பிக்சல் கறுப்புப் பட்டை சேர்த்து 1920 x 1080 ஆக்கிவிடுங்கள்.

முறைகள் மூன்று ரகம். லான்சோஸ், ஸ்ப்லைன்36 போன்றவை வெறும் கணக்கு. புதிதாக எதையும் கண்டுபிடிக்காது, பொய்யும் சொல்லாது. என்என்ஈடிஐ3 விளிம்புகளை மட்டும் வழுவழுப்பாக்கும் சிறிய நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்). விஎச்எஸ்ஸுக்கு அது மிகப் பொருத்தமாக இருந்தும் ஏனோ பலர் கண்டுகொள்வதில்லை. மூன்றாவது, பயிற்சி பெற்ற ஏஐ. 2014-இல் வந்த எஸ்ஆர்சிஎன்என் ஆய்வில் தொடங்கி, 2018-இல் ஈஎஸ்ஆர்கேன், 2021-இல் ரியல்-ஈஎஸ்ஆர்கேன் என்று வளர்ந்த வரிசை அது.

ரியல்-ஈஎஸ்ஆர்கேன் இலவசம், வல்கன் (கிராஃபிக்ஸ் கார்டை மென்பொருள்கள் பயன்படுத்தும் பொது முறை) ஓடும் எந்தக் கிராஃபிக்ஸ் கார்டிலும் ஓடும். ஆனால் அது ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் புகைப்படமாகப் பார்க்கிறது. ஒரு ஃபிரேமில் ஜரிகையை ஒரு மாதிரியும் அடுத்த ஃபிரேமில் வேறு மாதிரியும் வரைந்துவிடுவதால், ஓடவிட்டால் சேலைக் கரை கொதிக்கிற மாதிரி துடிக்கும். நிறுத்திப் பார்த்தால் பிரமாதமாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் சேர்த்துப் பார்க்கும் மாடல்கள் இதில் மேல். டோபஸ் வீடியோ (முன்பு டோபஸ் வீடியோ ஏஐ) என்ற மென்பொருளில் கல்யாண வீடியோவுக்கு புரோட்டியஸ் மாடலில் தொடங்குங்கள். மேனுவலில் வைத்து, ஷார்பன் ஸ்லைடரை 10-க்குக் கீழே, நாய்ஸ் ஸ்லைடரையும் குறைவாக வையுங்கள். நாய்ஸ் வேலை முன்பே முடிந்துவிட்டது அல்லவா. முகத்துக்கென்றே உள்ள ஐரிஸ் மாடலைக் கிட்டக் காட்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீடியோவை நாம் பார்ப்பதே முகங்களுக்காக. பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் முகம் ஒவ்வொன்றும் 25, 30 பிக்சல் உயரம்தான் இருக்கும். அதில் கண் என்பது இரண்டு மூன்று பிக்சல் நிழல். ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் மாதிரி முகம் திருத்தும் மாடல்கள் அந்த நிழலைப் பார்த்து, தாங்கள் கற்ற ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு கண்ணை எடுத்துப் பொருத்தும். கிடைப்பது கூர்மையான, அழகான, வேறு யாரோ ஒருவரின் முகம். 2020-இல் பல்ஸ் என்ற ஆய்வு மென்பொருளில் பராக் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரர் முகம் வந்தது, பெரிய விவாதமும் ஆனது. உங்கள் வீடியோவில் இது நடந்தால் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, பாட்டியை நேரில் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும். மறைந்துபோன ஒருவரின் ஒரே அசையும் பதிவு இந்தக் கேசட்டாக இருக்கலாம். முகம் திருத்தும் தேர்வை ஆஃப் செய்தே வையுங்கள்.

(சிசிடிவியில் வண்டி நம்பரை, திருடனின் முகத்தை இதே முறையில் தெளிவாக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிங் கவுண்டி நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் ஏஐயால் மேம்படுத்திய வீடியோவைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது.)

மல்லிகைச் சரம் பசை தடவிய கயிறு மாதிரி ஆவதும், மண்டப வாசலின் பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்துகளின் சுழிகள் ஒட்டிக்கொண்டு புது எழுத்தாவதும் அடிக்கடி நடக்கும். இதற்கெல்லாம் ஒரு எளிய மருந்து இருக்கிறது. ஒரே படத்தை இரண்டு முறை பெரிதாக்குங்கள்: ஒன்று ஏஐயில், இன்னொன்று ஸ்ப்லைன்36 அல்லது லான்சோஸில். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் டைம்லைனை முதலிலேயே 50 ஃபிரேம் என்று அமைத்து (வீடியோவைப் போட்ட பிறகு மாற்ற முடியாது), சாதாரணப் படத்தைக் கீழேயும் ஏஐ படத்தை மேலேயும் வைத்து, மேலே இருப்பதன் ஒபாசிட்டியை 50 முதல் 60 சதவீதத்துக்குக் குறையுங்கள். கூர்மை ஓரளவு நிற்கும், பொய் விவரம் அடங்கும். முகங்கள் தவறும் காட்சிகளில் 30-க்கு இறக்குங்கள். கடைசியாக மிக லேசான கிரெயின் சேர்த்தால் மெழுகுத் தோற்றமும் போய்விடும்.

ஏஐ கொண்டு 25-ஐ 60 ஃபிரேம் ஆக்கும் வேலை இங்கே தேவையில்லை. உண்மையான 50 அசைவுகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

நேரம், வட்டு, கடைசி ஃபைல்

முழு கேசட்டையும் ஓட்டும் முன் மூன்று துண்டுகளில் சோதியுங்கள், தலா பத்து நொடி போதும். தாலிகட்டு (பூ, முகம், வேகமான அசைவு), பந்தி (சிறிய முகங்கள்), இரவில் மாப்பிள்ளை அழைப்பு (இருட்டு, நாய்ஸ், கேமரா லைட்). மூன்றும் தேறும் செட்டிங்தான் செட்டிங். டிவியில், வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். மானிட்டரில் 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து எடுக்கும் முடிவு தவறாகத்தான் போகும்.

மூன்று மணி நேர கேசட் என்றால் 50 ஃபிரேம் கணக்கில் 5,40,000 ஃபிரேம். உங்கள் கம்ப்யூட்டர் சோதனையில் நொடிக்கு 5 ஃபிரேம் செய்தால் 30 மணி நேரம். லேப்டாப்பில் இதை விடாமல் ஓட்டினால் சூட்டில் வேகம் பாதியாகக் குறையும். அரை மணி நேரத் துண்டுகளாக ஓட்டுங்கள், கரண்ட் போனாலும் ஒரு துண்டுதான் போகும். ஒவ்வொரு ஃபிரேமையும் பிஎன்ஜி படமாகப் பிரித்து வேலை செய்யச் சொல்லும் வழிமுறைகள் நிறைய உலவுகின்றன. படம் ஒன்றுக்கு 3 எம்பி என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு 540 ஜிபி ஆகும், தவிர்த்துவிடுங்கள். ஒலியைத் தொடவே வேண்டாம், கேப்சர் ஃபைலின் ஒலியை எடுத்துக் கடைசியில் சேர்த்தால் போதும்.

டிவியில் பார்க்கும் ஃபைலுக்கு எச்.265, 10 பிட், சிஆர்எஃப் (தர அளவு) 18 முதல் 20, பிரீசெட் ஸ்லோ. 10 பிட் கேட்பதற்குக் காரணம், மண்டபச் சுவரில் வெளிச்சம் படிப்படியாகக் குறையும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியாமல் இருக்க. பழைய டிவி என்றால் எச்.264 கொடுங்கள். நொடிக்கு 50 ஃபிரேமில் 1440 x 1080 படத்துக்கு லெவல் 4.2 தேவை. 4.1 வரை மட்டும் படிக்கும் டிவிகளில் படம் திக்கித் திக்கி ஓடும். அப்படியானால் 960 x 720-இல், அதே 50 ஃபிரேமில் கொடுங்கள். பிக்சலைக் குறைத்தாலும் அசைவைக் குறைக்காதீர்கள். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஃபைலை ஏற்காது. 10 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரமே 4.5 ஜிபி வரும் என்பதால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். டிவி அதைப் படிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர், வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு யூடியூபில் தனிப்பட்ட லிங்க்காக ஏற்றுவதானால் மட்டும் அளவைக் கூட்டுவதில் பலன் உண்டு. யூடியூபில் 720பிக்குக் கீழே 50 ஃபிரேம் கிடைக்காது, பாதியாகிவிடும். 1440பி அளவில் ஏற்றினால் அது தரமான விபி9 கோடெக்கில் மாற்றித் தருகிறது. 1080பியில் ஏற்றினால் அந்த உறுதி இல்லை. ஆகவே முடித்து வைத்த 1440 x 1080 ஃபைலை லான்சோஸில் 1920 x 1440 ஆக்கி ஏற்றுங்கள். இதற்கு ஏஐ வேண்டாம், ஹேண்ட்பிரேக்கில் அளவைக் கூட்ட அனுமதிக்கும் தேர்வை டிக் செய்தால் போதும்.